கை வச்சவருக்குக் கறிமீன்

இது நடந்து ஒண்ணரை வருசம் ஆகப்போகுது. பங்குனி மாசம். நான் இருக்கிறது புன்னைக்காயலுக்குப் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர். ஒரு மாதா கோயில், ஒரு ரேஷன் கடை, பஸ் நிக்கிற இடத்துல ஒரு டீக்கடை, நாளுக்கு அஞ்சாறு தடவை வந்துபோற மினி பஸ். அவ்வளவுதான் ஊர். நாலாம் வகுப்போட என்னை நிறுத்திட்டாங்க. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதனால மெதுவாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடணும். இல்லைன்னா நான் செஞ்ச தப்பு உங்களுக்குப் பிடிபடாது. எங்க அப்பா தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு ஓடின தோணியில தண்டல். தோணியை நடத்துறவர். என்னைக் கட்டிக்கிட்டவர் சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கிக் கடலுக்குள்ள போனார்னா, மேல வள்ளத்துல இருக்கிறவங்களுக்கு நெஞ்சு படபடக்கும், அவர் பைய மேல வந்து சிரிப்பார். பிறகு சொந்தமா ஒரு வள்ளம் வாங்கினார். நாலு பேரை ஏத்திக்கிட்டுத் தொழிலுக்குப் போனார். அவர் நிமிர்ந்து நடந்த தெருவுல நானும் நிமிர்ந்துதான் நடந்தேன். அடுத்த வாசல்ல போய் ஒரு கை உப்பு கேட்டது கிடையாது. குழாயடிக்குப் போவேன், குடம் நிறைஞ்சதும் வந்துருவேன். அங்கன நின்னு என்ன கறி, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு பேசுறதெல்லாம் வேலை இல்லாதவங்க வேலைன்னு நினைச்சவ நான்.

எதிர்வீட்டுக்காரி எனக்கு நேர்மாறு. என்னைவிட இருபது வயசு இளையவ. கரையில ஏலத்துல மீன் எடுத்து, அலுமினியச் சட்டியில ஐஸ் போட்டு, மினி பஸ்ஸுல ஏறி ஆத்தூருக்கும் காயல்பட்டினத்துக்கும் வீடு வீடாக் கொண்டுபோய் விக்கிறவ. வாய் ஓயாது. எங்க ஊர்க் கதையை அங்கன சொல்லுவா, அங்கன உள்ள கதையை இங்கன வந்து சொல்லுவா. என்னை மைனின்னு கூப்பிடுவா, எங்க வீட்டுக்காரரை அண்ணன்னு சொல்லுவா. நான் ரெண்டு வார்த்தைக்கு மேல பதில் சொல்லுறதில்லை. அவளும் விடுறதில்லை.

எங்க வீட்டுக்காரருக்கு எழுபத்தஞ்சு தாண்டினதும் மறதி வந்துச்சு. முதல்ல கண்ணாடியை எங்க வச்சோம்னு தேடினார். பிறகு கண்ணாடி எதுக்குன்னே கேட்டார். தூத்துக்குடியில டாக்டர்கிட்டக் காட்டினோம். இது வயசுக்கு வர்ற மறதி இல்லை, மூளையில வர்ற நோய், பக்கத்துல ஆள் இருக்கணும்னு சொன்னார். சர்க்கரை வேற. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா மயக்கம் வரும். மகன் கப்பல்ல வேலை பாக்கான். மகளைத் தூத்துக்குடியிலயே கட்டிக் கொடுத்திருக்கு. ரெண்டு பேர்கிட்டயும் நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: ஊருக்குள்ள யாருக்கும் தெரியக்கூடாது. ஆழத்துல இருந்து சங்கை எடுத்துட்டு வந்த மனுசனைப் பாத்து, பாவம், புத்தி பிசகிட்டுன்னு நாலு பேர் சொல்ல நான் கேக்கணுமா?

எல்லாம் மறந்தாலும் ஒண்ணு மட்டும் அவருக்கு மறக்கலை. காலையில எட்டு மணி ஆச்சுன்னா ஆணியில தொங்குற மஞ்சள் பையை எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போயிருவார். அந்த நேரம் வள்ளங்க கடல்ல இருந்து வரும். எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தை மணலுக்கு மேல ஏத்தும்போது யார் வந்து கை வச்சுத் தள்ளினாலும் சரி, கயிறைப் பிடிச்சு இழுத்தாலும் சரி, அவங்களுக்குக் கறிக்கு மீன் கொடுக்கணும். கறிமீன்னு சொல்லுவோம். வழியில போனவனா இருந்தாலும், கை வச்சான்னா அவனுக்கு உண்டு. இப்பம் எல்லாம் பைபர் வள்ளம். டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்துருறாங்க. கை வைக்க ஆள் வேண்டியதில்லை. ஆனாலும் எங்க வீட்டுக்காரர் போய் வள்ளத்து ஓரத்துல கை வச்சு நிப்பார். டிராக்டர் இழுக்கும், இவர் கூடவே நாலு எட்டு நடப்பார். பிறகு பையை நீட்டுவார். நாலு சாளையோ ஒரு விளமீனோ பைக்குள்ள விழும். வீட்டுக்கு வந்து குசினி வாசல்ல நின்னு, பெரிய தொழில் பாத்த மாதிரி அந்தப் பையை என் கையில தருவார்.

எனக்கு அது பிடிக்காது. சொந்த வள்ளத்துல இருந்து கூடை கூடையா ஏலத்துக்கு இறக்கின மனுசன், இன்னைக்கு நாலு சாளைக்குப் பையை நீட்டுறாரேன்னு வயிறு எரியும். எத்தனை தடவை சொல்லியும் அவருக்கு ஏறலை.

ஒருநாள் குழாயடியில ஏழெட்டுப் பேர் நிக்கும்போது எதிர்வீட்டுக்காரி சத்தமா, "மைனி, இன்னைக்கு அண்ணனுக்கு அடிச்சது யோகம். பை கொள்ளலை. எனக்கு ஒரு வாய்க் குழம்பு உண்டுமா?"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. இப்பம் நினைச்சுப் பாத்தா அது சாதாரணக் கேலி. தினமும் ஒருத்தரை ஒருத்தர் பேசிக்கிடுற கேலிதான். அன்னைக்கு எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

குடத்தை அப்படியே போட்டுட்டு வீட்டுக்குப் போனேன். அவர் கொண்டுவந்து வச்ச பையை எடுத்தேன். நேரே கரைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். மீன் கொடுத்த வள்ளக்காரன் ஏலம் முடிஞ்சு பெட்டி கழுவிக்கிட்டு நின்னான். முப்பது வயசு இருக்கும், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் பெட்டிக்குள்ள அந்த மீனைக் கொட்டினேன்.

"நாங்க ஒண்ணும் பிச்சை எடுக்கலை. எங்க வீட்டு ஆளுக்கு இனிமே யாரும் எதுவும் குடுக்கக் கூடாது"ன்னேன்.

அந்த வள்ளக்காரன் என்னைப் பாக்கக்கூட இல்லை, எங்க வீட்டுக்காரரைத்தான் பாத்தான். அவர் வெறும் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு, என்ன நடந்துச்சுன்னு தெரியாம, அவனைப் பாத்துச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுல நிக்குது.

மறுநாள்ல இருந்து வாசல் கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். எட்டு மணி ஆனா அவர் பையை எடுத்துக்கிட்டு கதவைப் பிடிச்சு நிப்பார். நான் வம்பா இழுத்து உள்ளே கூட்டிட்டு வந்து உக்கார வைப்பேன். தெருவுல யாராவது, அண்ணனை எங்க காணும், பாட்டா எங்கன்னு கேட்டா, "மக வீட்டுக்குப் போயிருக்காக"ன்னு சொல்லிருவேன். சன்னலையும் அடைச்சு வச்சேன். மூணு வாரம் இப்படிப் போச்சு.

மூணு வாரம் கழிச்சு ஒருநாள் காலையில கேஸ் சிலிண்டர் வந்துச்சு. கதவைத் திறந்து, பழசை வெளியே உருட்டி, புதுசை உள்ளே வாங்கினேன். குசினிக்குப் போய் அதை மாட்டிட்டு வந்து பாத்தா, கிரில் திறந்து கிடக்கு. அவர் செருப்பு வாசல்லயே இருக்கு. ஆணியில மஞ்சள் பை இல்லை.

கரைக்குத்தான் போயிருப்பார்னு ஓடினேன். அங்கன இல்லை. யாரையாவது கேக்கணுமே, கேக்க வாய் வரலை. மக வீட்டுல இருக்கிற மனுசனைக் கரையில தேடுதேன்னு எப்படிச் சொல்ல? கோயில்ல பாத்தேன். கல்லறைத் தோட்டத்துல பாத்தேன். ஆத்தங்கரைப் பக்கம் உடைமரத்துக்குள்ள எல்லாம் பாத்தேன். ஆத்துத் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னேன். குளிச்சுப் பழகின உடம்பாச்சே, பழைய நினைப்புல இறங்கிட்டார்னா? இப்படியே ரெண்டு மணி நேரம் நான் ஒருத்தியாத் தேடினேன். வெயில் ஏறிட்டு. காலையில ஒண்ணும் சாப்பிடலை அவர். மாத்திரையும் போடலை.

பத்தரை மணி இருக்கும். திரும்ப எங்க தெருவுக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால சந்துல குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கேன். எதிர்வீட்டுக்காரி மீன் சட்டியைத் தலையில வச்சுக்கிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டு வாரா.

"மைனி, என்ன தேடுதிய?"

"கோழியைத் தேடுதேன்."

என் வாய்க்கு அதுதான் வந்துச்சு. அவ நின்னா.

"நீங்க எப்பம் மைனி கோழி வளத்திய?"

அவ என் காலைப் பாத்தா. நான் செருப்புப் போடலை, கால்ல முள்ளு குத்தி ரத்தம். எங்க வீட்டு வாசலைப் பாத்தா. அங்க அவர் செருப்பு கிடக்கு. மக வீட்டுக்குப் போன மனுசன் செருப்பு. அவளுக்கு எல்லாம் விளங்கிட்டு. தலையில இருந்த சட்டியை இறக்கி அப்படியே மண்ணுல வச்சா.

"அண்ணனைக் காணுமா?"

அதைக் கேட்டதும் நான் தெருவுலயே உக்காந்துட்டேன். எங்க அப்பா செத்த அன்னைக்கும் தெருவுல உக்காராதவ நான்.

அவ என்னை ஏன் மறைச்சியன்னு கேக்கலை. "சாப்பிட்டாகளா? சர்க்கரை மாத்திரை போட்டாகளா?"ன்னுதான் கேட்டா. அவருக்குச் சர்க்கரைன்னு இவளுக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கக்கூட அப்பம் எனக்குத் தோணலை. பிறகு இடுப்புல இருந்து செல்போனை எடுத்தா. அவளுக்கு என் அளவுகூட எழுத்துத் தெரியாது. அதனால பேருக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் ஒரு படம் போட்டு வச்சிருந்தா. ஆத்தூர்ல வெத்திலைக் கொடிக்கால் வச்சிருக்கிற வீட்டுக்கு ஒரு இலை. மினி பஸ் கண்டக்டருக்கு ஒரு பஸ். காயல்பட்டினத்துல ஒரு வீட்டுக்குப் பிறை. தள்ளத் தள்ள மீனும் மரமும் பூவுமா படம் போய்க்கிட்டே இருந்துச்சு. எல்லாம் அவ மீன் கொடுக்கிற வீடு, பேச்சுக் கொடுக்கிற ஆள்.

அதுக்குள்ள தெருவே கூடிட்டு. டீக்கடைக்காரரும் வந்தார். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போச்சு.

"அண்ணாச்சியை நான்தானே பஸ் ஏத்திவிட்டேன்"னார்.

காலையில எட்டேகால் மணிக்கு எங்க வீட்டுக்காரர் பையோட டீக்கடை வழியா வந்திருக்கார். கரைக்குப் போற பாதை அதுதான். டீக்கடைக்காரர் பாத்துட்டு, மக வீட்டுல இருந்து வந்துட்டுத் திரும்பப் போறார் போலன்னு நினைச்சு, "மக வீட்டுக்கா அண்ணாச்சி?"ன்னு கேட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர்கிட்ட எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவார். ஆமான்னு சொல்லியிருக்கார். இவரே கையைப் பிடிச்சு மினி பஸ்ஸுல ஏத்தி, ஆத்தூர்ல இறக்கித் தூத்துக்குடி பஸ்ஸைக் காட்டிவிடச் சொல்லிக் கண்டக்டர்கிட்டச் சொல்லிவிட்டிருக்கார்.

"தனியா அனுப்புறாகளேன்னு நினைச்சேன். உங்ககிட்ட வந்து கேட்டா கோவப்படுவியன்னுட்டு விட்டுட்டேன், ஆச்சி."

அவர் மேல என்ன தப்பு? கரைக்குப் போன மனுசனைப் பஸ் ஏத்திவிட்டது நான் சொன்ன பொய். நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தா, அந்த டீக்கடையிலேயே பிடிச்சு உக்கார வச்சிருப்பாங்க.

எதிர்வீட்டுக்காரி பஸ் படத்தை அமுக்கினா. கண்டக்டர் சொன்னான், ஆத்தூர்ல இறக்கிவிட்டேன், நிழல்ல நிக்கச் சொன்னேன், வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது, வந்துட்டேன்னு. அடுத்து இலை படம். கொடிக்கால் வீட்டு அம்மா உடனே தன் வீட்டு ஆளைப் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பி வச்சா. கால் மணி நேரத்துல பதில் வந்துச்சு. பூ விக்கிற பொம்பளை ஒருத்தி பாத்திருக்கா, மஞ்சள் பை வச்ச பெரியவர் தூத்துக்குடி பஸ்ஸுல ஏறலை, எதிர்த்தாப்புல வந்த திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறிட்டார்னு.

திருச்செந்தூர் பஸ்ஸுன்னா எங்கெங்க இறங்கலாம்? ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். எங்க போய்த் தேட? கோயில்ல பன்னிரண்டு மணி அடிச்சுச்சு. நான் மாதாவைக் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் செய்யத் தெரியலை. எதிர்வீட்டுக்காரி சட்டியில ஐஸ் கரைஞ்சு தண்ணி தெருவுல ஓடுது. அன்னைக்கு அவ யாவாரம் போச்சு. அதை அவ திரும்பிக்கூடப் பாக்கலை.

அப்பம் அவ போன் அடிச்சுது. அவ எனக்குப் படத்தைக் காட்டினா. பிறை.

காயல்பட்டினத்து லாத்தா பேசினா. நாங்க அந்தப் பக்கத்து முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் சொல்லுவோம். போனைச் சத்தமா வச்சா எதிர்வீட்டுக்காரி. லாத்தா சொன்னதை எல்லாம் நான் என் காதால கேட்டேன்.

அவங்க தெருவுல குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்காங்க. தண்ணி கேன் ஏத்திவந்த லோடு ஆட்டோ ஒண்ணு பள்ளத்துல மாட்டிக்கிட்டு. அந்த ஊர்ல பெண்கள் போய்வர்றதுக்குன்னே சின்னச் சின்ன முடுக்கு உண்டு. ஆம்பளைங்க அதுக்குள்ள வர மாட்டாங்க. அதுக்குள்ள இருந்து ஒரு பெரியவர், கால்ல செருப்பு இல்லை, கையில பை, வெளியே வந்திருக்கார். பைக்குல நின்ன ரெண்டு பேர், யாருய்யா நீரு, பொம்பளைங்க முடுக்குல உமக்கு என்ன வேலைன்னு மறிச்சிருக்காங்க. இவர் சங்கு கொடுக்க வந்தேன்னு சொல்லியிருக்கார். வாலிப வயசுல அந்த ஊர் முதலாளி வீடுகளுக்குச் சங்கு கொண்டுபோய்க் கொடுத்தவர்தானே, அந்த நினைப்பு. அவங்களுக்கு என்ன தெரியும்? சந்தேகப்பட்டுச் சட்டையைப் பிடிக்கப் போயிருக்காங்க. இவர் அதைக் கண்டுக்கிடவே இல்லை. நேரே போய் அந்த லோடு ஆட்டோவுல கை வச்சுத் தள்ளியிருக்கார். அதைப் பாத்து அந்த ரெண்டு பேரும் சேர்ந்து தள்ள, வண்டி மேல ஏறிட்டு. ஓட்டி வந்தவன் பெரியவராச்சேன்னு பத்து ரூபாயை நீட்டியிருக்கான். இவருக்கு வந்துச்சு கோவம்.

"காசு யாருக்குலே வேணும்? கறிமீன் எங்கலே?"

கதவுக்குப் பின்னால நின்னு இதைக் கேட்ட லாத்தாவுக்குத் திடுக்குன்னு இருந்திருக்கு. நாலு வருசமா எங்க எதிர்வீட்டுக்காரி அவங்க வாசல்ல மீன் அறுத்துக்கிட்டே கதை சொல்லியிருக்கா. எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்காக, பெரிய சங்கு குளிகாரர், இப்பம் எல்லாம் மறந்துபோச்சு, ஆனா வள்ளம் வந்தா கை வைக்காம இருக்க மாட்டாக, கை வச்சா கறிமீன் வாங்காம நகர மாட்டாக, மஞ்சள் பையோட நிப்பாகன்னு.

"அவஹளேதான்னு எனக்குப் பட்டுச்சு. எங்க வீட்டுல உக்கார வச்சிருக்கேன், பயப்படாதிங்கோ"ன்னா லாத்தா. "கஞ்சி குடுத்திருக்கேன். சீனி போடலை, நீ சொன்னது நாவகம் இருந்துச்சு."

நான் எதை வேலை இல்லாதவங்க வேலைன்னு நினைச்சேனோ, அந்தப் பேச்சுதான் எனக்கு முன்னாலேயே போய் அந்த ஊர்ல அவருக்கு இடம் போட்டு வச்சிருக்கு.

போகணுமே, எப்படிப் போகன்னு நிக்கும்போது ஒரு குட்டியானை வண்டி எங்க முன்னால வந்து நின்னுச்சு. ஐஸ் பெட்டி ஏத்துற வண்டி. ஓட்டுற இடத்துல அந்த வள்ளக்காரன். நான் மீனைக் கொட்டினேன் பாருங்க, அவனேதான். "ஏறுங்க ஆச்சி"ன்னான். நானும் எதிர்வீட்டுக்காரியும் அவன் பக்கத்துல ஏறினோம்.

லாத்தா வீட்டு முன் அறையில, காத்தாடிக்குக் கீழே, ராசா மாதிரி உக்காந்திருந்தார் எங்க வீட்டுக்காரர். முன்னால கஞ்சிக் கிண்ணம் காலி. என்னைப் பாத்ததும் எழுந்து வந்து, வழக்கம்போல, மஞ்சள் பையை என் கையில தந்தார். பை கனமா, ஜில்லுனு இருந்துச்சு. உள்ளே ரெண்டு விளமீன்.

லாத்தா சிரிச்சா. "பங்கு வராம தெருவை விட்டு அசைய மாட்டேன்னுட்டாஹ. வீட்டுக்குள்ளயும் வர மாட்டேன்னுட்டாஹ. நான் என்ன செய்ய? நேத்து இந்தப் புள்ளைகிட்ட வாங்கின மீன் பிரிட்ஜுல இருந்துச்சு. எடுத்துப் பையில போட்டேன். அதுக்குப் பொறவுதான் கூட வந்தாஹ."

எங்க கரையில ஏறின மீன். எதிர்வீட்டுக்காரி தலையில போன மீன். திரும்ப எங்க வீட்டுக்காரர் பைக்குள்ள வந்து என் கையில இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னால கரையில கொட்டின அதே கையில. "குழம்பு வச்சு உங்களுக்கும் குடுத்துவிடுதேன்"னு மட்டும் சொன்னேன். லாத்தா, "புளி கொஞ்சமா"ன்னா.

திரும்பி வரும்போது அவர் பின்னால, ஐஸ் பெட்டி வைக்கிற இடத்துல, எதிர்வீட்டுக்காரி தோள்ல சாஞ்சு தூங்கிட்டார். நான் முன்னால இருந்தேன். ஆறுமுகநேரி தாண்டி உப்பளம் வந்ததும் அந்த வள்ளக்காரன் தானாப் பேச ஆரம்பிச்சான்.

"ஆச்சி, அது பிச்சை இல்ல. பாட்டா கை வச்ச பொறவுதான் டிராக்டர்காரன் கியரே போடுவான். எங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் ஆயிட்டு. இந்த மூணு வாரமா வள்ளம் ஏறும்போது அந்த ஓரத்துல ஒருத்தனும் நிக்கதில்ல, பாத்துக்கிடுங்க. அது அவுக இடம்னு விட்டு வச்சிருக்கோம்."

அப்பம்தான் ஒவ்வொண்ணா வெளியே வந்துச்சு. அவருக்கு நோய்னு ஊர் முழுக்கத் தெரியும். என்னைத் தவிர எல்லாரும் அதைப் பேசியிருக்காங்க. ரெண்டு தடவை அவர் பழைய நினைப்புல வேட்டியை மடிச்சுக் கட்டிக் கடலுக்குள்ள இறங்கப் போயிருக்கார். கரையில உள்ளவங்க பேச்சுக் கொடுத்து, வாங்க பாட்டா, இந்த வலையைப் பிடிங்கன்னு திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒரு தடவை வடக்குப் பாதையில ரொம்ப தூரம் போயிட்டார். டீக்கடைக்காரர் போய், ஓசியில டீ தாரேன் வாங்கன்னு கூட்டிட்டு வந்திருக்கார். தினமும் அவர் கரையில இருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் பின்னால பத்து எட்டு விட்டு நடந்து வருவாங்களாம். பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரிதான். நான் அதை என்ன நினைச்சேன் தெரியுமா? ஊர் வம்பு பாக்க நம்ம வாசலையே சுத்துறாளேன்னு.

நான் பின் சன்னல் வழியாத் திரும்பி அவளைப் பாத்துக் கேட்டேன். "ஏளா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீங்க கதவை அடைச்சிருப்பிய மைனி."

அவ சரியாத்தான் சொன்னா. சொல்லாமலேயே அடைச்சவதானே நான்.

மறுநாள் காலையில எட்டு மணிக்கு நானே பையை எடுத்து அவர் கையில கொடுத்தேன். ரெண்டு பேருமாக் கரைக்குப் போனோம். கல்யாணம் ஆகி அம்பது வருசத்துல வள்ளம் ஏத்துற நேரத்துக்கு நான் கரையில போய் நின்னது அதுதான் முதல் தடவை. எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. அந்த வள்ளக்காரன் வள்ளம் வந்துச்சு. அந்த ஓரத்துல நிசமாவே ஒருத்தரும் இல்லை. எங்க வீட்டுக்காரர் போய்க் கை வச்சார். டிராக்டர்காரன் இன்னும் கியரைப் போடலை. என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான்.

"ஆச்சி, நீங்களும் வாங்களேன். வண்டி திணறுது"ன்னான்.

வண்டி ஒண்ணும் திணறலை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் போய் அவர் கைக்குப் பக்கத்துல என் கையை வச்சேன். வள்ளம் மணல்ல ஏறுச்சு. பைக்குள்ள காரல் மீன் ஒரு கை விழுந்துச்சு. "ஆச்சி பங்கு தனி"ன்னு சொல்லி இன்னொரு கை போட்டான் அந்த வள்ளக்காரன். கரையே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன்.

இப்பம் அவருக்கு என் பேர்கூட நினைவு இல்லை. சில நாள் என்னை யாரோ நல்ல பொம்பளைன்னு நினைச்சுக்கிட்டு, வீட்டுல எல்லாரும் சுகமான்னு விசாரிப்பார். ஆனா எட்டு மணி ஆனா கை தானாப் பைக்குப் போகும். நாங்க கிளம்புவோம். போற வழியில டீக்கடைக்காரருக்கு ரெண்டு வார்த்தை, கோயில் முக்குல ரெண்டு வார்த்தை. பத்து நிமிசத்துல போற இடத்துக்கு அரை மணி நேரம் ஆகுது. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி சட்டியைக் கழுவும்போது அவ வாசப்படியில போய் உக்காந்துருவேன். லாத்தா மகளுக்கு என்ன வரன் வந்துச்சு, கொடிக்கால் வீட்டு அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு, எல்லாம் எனக்கும் தெரியும். அவ போன்ல எனக்கும் ஒரு படம் போட்டு வச்சிருக்கா. என்ன படம்னு கேட்டேன். கோழி.

ஒரு கை உப்பு மட்டும் நான் இன்னும் யார்கிட்டயும் போய்க் கேக்கலை. அது என் குணம், அதை விட முடியாது. ஆனா தெருவுல யாராவது எதிர்ல வந்து, என்ன மைனி, என்ன தேடுதியன்னு கேட்டா, நின்னு உள்ளதைச் சொல்லுதேன். ஊர்ல எல்லாரும் தினம் சாதாரணமாச் சொல்லுற அந்தப் பதிலைச் சொல்லப் பழக எனக்கு எழுபது வயசு ஆகியிருக்கு.